பத்துக்கு ஐந்து

எச்சில் துப்புகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அப்படிப்பட்ட நான் பிழைப்புக்குத் தேர்ந்தெடுத்த இடத்தைப் பாருங்கள். கால்பந்து ஆடுகிறவன் தொண்ணூறு நிமிடத்தில் எத்தனை முறை துப்புகிறான் என்று நீங்கள் எண்ணியிருக்க மாட்டீர்கள். நான் எண்ணியிருக்கிறேன். எங்கள் கோல்கீப்பர் மட்டும் ஒரு பாதியில் நாற்பத்தொரு முறை. கையுறையில் துப்பி, நன்றாகத் தேய்த்துக்கொண்டு, ஆட்டம் முடிந்ததும் அதே கையை என்னிடம் நீட்டுவான், விரல் பிசகிவிட்டது பாருங்கள் என்று.

பதினோரு வருடமாகக் கல்லூரி அணிக்கு நான்தான் பிசியோ. கணுக்காலுக்குக் கட்டுப் போடுவது, தொடை பிடித்துக்கொண்டால் நீவிவிடுவது, ஐஸ் வைப்பது, துண்டு துவைப்பது எல்லாம் என் தலையில். பையன்கள் என்னை டாக்டரண்ணன் என்பார்கள். நான் டாக்டர் இல்லை. அதை நான் மறைத்ததும் இல்லை, யாரும் கேட்டதும் இல்லை. என் மனைவி சொல்வாள், “உங்களுக்கு மனுஷங்களே ஒத்துக்காது. இதுல மனுஷங்க காலைப் புடிக்கிற வேலை வேற.” சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். நான் குளித்துவிட்டு வரும்வரை பக்கத்தில் மட்டும் வர மாட்டாள்.

சுத்தியலைப் பற்றிக் கேட்கிறீர்கள். தலையால் பந்தை அடித்தால் கம்பத்தில் ஆணி இறங்குகிற மாதிரி சத்தம் கேட்கும், அதனால் அந்தப் பெயர். தடுப்பாட்டத்தின் நடுவில் நிற்பவன், அணியின் தலைவன், வயது இருபது. இன்றோடு ஐம்பத்திரண்டு நாளாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்தபடி கிடக்கிறான். பேச்சு இல்லை. இனி வருமா வராதா என்று மருத்துவர்களே கையை விரிக்கிறார்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். போன முறை நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் சில இடங்கள் சரியில்லை. திருத்தித் தருகிறேன் என்று நானாகத்தான் வந்தேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பழைய தாளின்மேல் யாரோ டீக் கோப்பையை வைத்திருக்கிறார்கள். என் கையெழுத்துமேல் வட்டமாகக் கறை. அதைத் தூரப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தால் நன்றாக இருக்கும்.

மஞ்சள் படிவத்திலிருந்து தொடங்குகிறேன். தலையில் அடிபட்ட ஆட்டக்காரனை உடனே ஆடவிடக் கூடாது என்பது போட்டி நடத்தும் சங்கத்தின் விதி. அடி உள்ளே பாதித்திருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சீசன் தொடங்கும் முன் ஒவ்வொருவனுக்கும் பத்து வார்த்தை வாசித்துக் காட்ட வேண்டும். ஏணி, வாளி, சிங்கம், ஊசி, பாலம் என்று சம்பந்தமில்லாத வார்த்தைகள். ஐந்து நிமிடம் கழித்து அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். எத்தனை சொன்னான் என்பதை மஞ்சள் படிவத்தில் எழுதி வைப்போம். பிறகு எப்போதாவது தலையில் அடி பட்டால் வேறு பத்து வார்த்தை. பழைய மதிப்பெண்ணைவிட மூன்று குறைந்தால் பதினான்கு நாள் உட்கார வேண்டும். வாசிப்பது நான், கேட்பது நான், எழுதுவதும் நான். கல்லூரிக்கு வாரம் ஒருமுறை வரும் டாக்டர் கையெழுத்துப் போடுவார், படிவத்தைப் பார்த்து. பையனைப் பார்த்து அல்ல.

மூன்று வருடத்துக்கு முன்புவரை நான் அதை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தேன். அந்த வருடம் எங்கள் முன்கள ஆட்டக்காரன் ஒருவனுக்கு முழங்கை நெற்றியில் பட்டது. முதலில் ஒன்பது சொன்னவன் ஐந்துதான் சொன்னான். எழுதினேன், உட்காரவைத்தார்கள். மூன்றாம் நாள் அவன் கேன்டீனில் மேசைமேல் காலைப் போட்டுக்கொண்டு, வாயில் மென்றதை எல்லோருக்கும் காட்டியபடி சிரித்துக்கொண்டிருந்தான். தேர்வு நேரம், பயிற்சிக்கு வர வேண்டாம் அல்லவா. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவன் இல்லாத இரண்டு ஆட்டமும் தோற்றோம். ஒரே ஒரு புள்ளியில் அரையிறுதி போயிற்று.

கோச் பூட்ஸை எடுத்துச் சுவரில் அடித்தார். அதிலிருந்த சேறு என் துண்டுகள்மேல் தெறித்தது.

“ஏம்ப்பா, உன் பத்து வார்த்தை என் சீசனையே தின்னுடுச்சு. ஏதாவது பண்ணேன்” என்றார்.

ஏதாவது என்று மட்டும்தான் சொன்னார். அவரை இதில் இழுக்க வேண்டாம். அவருக்கு யோசிக்க வராது, கத்தத்தான் வரும். யோசித்தது நான்.

அடுத்த சீசன் ஆரம்பத்தில் இருபத்திரண்டு பேரையும் வகுப்பறையில் உட்காரவைத்தேன். வெயில் நேரம், மின்விசிறி ஓடவில்லை, இருபத்திரண்டு ஜோடி ஈரக் காலுறை. மூக்கைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன்.

“அஞ்சுக்கு மேல எவனுக்கும் ஞாபகம் இருக்கக் கூடாது. புரிஞ்சுதா?”

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒருவன் சிரித்தான், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். ஆரம்பத்திலேயே ஐந்து என்றால், அடி பட்டபின் மூன்று சொன்னால்கூடப் போதும். யாரும் வெளியே உட்கார வேண்டாம்.

கோல்கீப்பர் கையைத் தூக்கினான். “டாக்டரண்ணே, எனக்கு நெசமாவே அஞ்சுதான் வரும். நான் எத்தனை சொல்லட்டும்?”

“நீ ரெண்டு சொல்லு.”

அன்றைக்கு மட்டும் அந்த அறையில் எனக்கு அருவருப்பு குறைவாக இருந்தது என்று நினைக்கிறேன். ஒவ்வொருவனாக வந்து தலையைச் சொறிந்து, மேலே பார்த்து, ஏணி, ஊசி, அப்புறம் வரலியே அண்ணே என்று நடித்துவிட்டுப் போனான். இரண்டு சீசன் ஒரு தொல்லையும் இல்லை. தலையில் அடிபட்டு யாரும் ஓர் ஆட்டம்கூடத் தவறவில்லை. எங்கள் அணியின் தலைகள் கெட்டியானவை என்று சங்கத்து ஆள் ஒருவர் பாராட்டிக்கூட எழுதினார்.

மூன்றாவது சீசன் சுத்தியல் தலைவனானான். முந்தின இரண்டு வருடம் அவன் இரண்டாம் அணியில் இருந்ததால் என் மேசைக்கு வந்ததில்லை. வந்து உட்கார்ந்தான், நான் வாசித்தேன். ஐந்து நிமிடம் கழித்துப் பத்தையும் வரிசை மாறாமல் சொன்னான். பிறகு கடைசியிலிருந்து முதல்வரை தலைகீழாகவும் சொன்னான்.

“டேய், அஞ்சு” என்றேன்.

“பத்தும் வருதே அண்ணே. வர்றத எப்படி வரலன்னு சொல்றது?”

கிண்டல் செய்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவன் தாவரவியல் படிக்கிறவன். மைதானத்து ஓரத்தில் முளைத்திருக்கும் களைகளுக்கெல்லாம் இரண்டு இரண்டு பெயர் வைத்திருப்பான், ஊரார் சொல்வது ஒன்று, புத்தகத்தில் இருப்பது ஒன்று. ஓட்டப் பயிற்சியில் மூச்சு வாங்கும்போதுகூடக் குனிந்து ஏதாவது இலையைக் கிள்ளிப் பெயர் சொல்வான். மற்றவன் எல்லாம் அந்த இடத்தில்தான் துப்புவான். உண்மையில் அந்த அணியிலேயே நான் பக்கத்தில் நிற்கக்கூடியவன் அவன் ஒருவன்தான். நகம் வெட்டியிருப்பான், தண்ணீர் பாட்டிலை வாய் படாமல் குடிப்பான்.

அவனிடம் வாதாடவில்லை. வேறு ஒரு மஞ்சள் படிவம் எடுத்து ஐந்து என்று நானே எழுதினேன். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். எண்ணைப் பார்த்தானா என்று கேட்டீர்கள். பார்த்தான். “அண்ணே, இது எங்கக்கா கண்ணுல பட்டா மானம் போயிடும்” என்றான்.

நான்காவது ஆட்டத்தில் எதிரணி கோல்கீப்பரின் முட்டி அவன் காதுக்கு மேலே பட்டது. எழுந்துவிட்டான். ஆனால் யார் ஜெயிக்கிறார்கள் என்று என்னிடம் மூன்று முறை கேட்டான், மூன்று முறையும் நான் பதில் சொன்னேன். மறுநாள் பத்து வார்த்தை வாசித்தேன், ஏழு சொன்னான். ஐந்தைவிட ஏழு அதிகம். படிவத்தின்படி அடி பட்டதில் அவனுக்கு அறிவு கூடியிருந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

ஒன்பதாவது ஆட்டத்துக்கு முன் பயிற்சியில் இன்னொருவன் தலையோடு மோதினான். இந்த முறை ஆறு. அதற்குப் பிறகுதான் வெளிச்சம் கூசுகிறது என்று தொப்பியை இறக்கிப் போட்டுக்கொண்டு திரிய ஆரம்பித்தான். ஒருநாள் மைதானத்து ஓரத்தில் கையில் ஒரு செடியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நின்றான். வேரிலிருந்து மண் அவன் பூட்ஸ்மேல் உதிர்ந்துகொண்டிருந்தது. “அண்ணே, இதுக்குப் பேர் என்ன?” என்று என்னிடம் கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்? அதைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கழுவு என்றேன்.

அவனுக்கு அப்பா அம்மா இல்லை, அக்காதான். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து அளவு சொல்லும் வேலை அவளுக்கு. அந்த வாரமே என் அறைக்கு வந்தாள். கடைச் சீருடையோடு, மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்திருந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டாள்.

“டாக்டர், அவன் ரெண்டு கண்ணையும் லைட் அடிச்சுப் பாத்தேன். நடுவுல இருக்கற கறுப்பு ஒண்ணு பெருசா இருக்கு, ஒண்ணு சின்னதா இருக்கு. எனக்குப் பயமா இருக்கு.”

“இங்க எல்லாம் முறைப்படி பாத்தாச்சும்மா” என்று படிவத்தை எடுத்துக் காட்டினேன். ஐந்து, ஏழு, ஆறு. அவள் விரலை வைத்து வாசித்தாள். விரல் ஐந்தின்மேல் நின்றுவிட்டது.

“அஞ்சா? இவனுக்கா? டாக்டர், ஒண்ணாவது படிக்கும்போதே கடைக்கு அனுப்பினா நாப்பது சாமான் எழுதிக்காம வாங்கிட்டு வருவான். ஒண்ணு விட மாட்டான்.”

இந்த உலகத்தில் அந்த எண் பொய் என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவன், நான், அந்த நிமிடத்தில் அவள். ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்பது அவளுக்கே தெரியவில்லை. தாளில் கையெழுத்து இருந்தது, முத்திரை இருந்தது. அவளே நாள் முழுக்கத் தாளில் எண் எழுதிக் கொடுத்து அதை நம்பச் சொல்கிறவள்.

“முதல் நாள் பதற்றத்துல இருந்திருப்பான்மா. இப்ப நல்லா முன்னேறியிருக்கான், பாருங்க” என்றேன்.

அவள் அழுதாள், நிம்மதியில்தான் என்று நினைக்கிறேன். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அதே கையைக் கூப்பி, “உங்களை நம்பித்தான் டாக்டர் விட்டிருக்கேன்” என்றாள். அவள் போனபின் நாற்காலியின் கைப்பிடியைத் துடைத்தேன். ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். ஒரு படிவம் பொய் என்றால் இருபத்திரண்டும் பொய். மூன்று வருடப் படிவங்கள் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறேன், ஒரு மடிப்பு இருக்காது. அதையெல்லாம் கலைக்கச் சொல்கிறீர்களா?

அரையிறுதியில் மூன்றாவது அடி. நான்கு சொன்னான். நான்காவது வார்த்தைக்கு நெற்றியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தான். பத்தை முன்னும் பின்னும் சொன்னவன். விதிப்படி ஐந்திலிருந்து நான்கு, ஒன்றுதான் குறைவு. நான் விதியை மீறவில்லை என்பதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இறுதி ஆட்டம். இந்த இடம்தான் போன வாக்குமூலத்தில் சரியில்லை. இடைவேளையில் அவன் நன்றாக இருந்தான் என்றும், நான் வேண்டாம் என்று சொல்லியும் அவனே அடம்பிடித்து இறங்கினான் என்றும் எழுதியிருந்தேன். கோச், கோல்கீப்பர், எல்லோரும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. நான் சொன்னதைத்தான் சொல்கிறார்கள். அவனோடு இருந்தது நான் ஒருவன்தான்.

கேலரிக்கு அடியில் உடைமாற்றும் அறை. அதை ஒட்டி ஜன்னல் இல்லாத சின்ன அறை என்னுடையது. ரெக்ஸின் போட்ட மேசை, ஒரு குழாய், ஒரு அலமாரி. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமம். உடைமாற்றும் அறையில் கோச் கத்திக்கொண்டிருந்தார். சுத்தியல் சுவரைப் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தான். கதவைச் சாத்தினான். மேசையின் நுனியில் பன்னிரண்டு வெள்ளைத் துண்டு அடுக்கி வைத்திருந்தேன். இறுதி ஆட்டத்துக்கென்று முந்தின நாள் இரண்டு முறை துவைத்து, தேய்த்து, மடித்தவை. அதன்மேல் வாந்தி எடுத்தான்.

“அண்ணே, மன்னிச்சிருங்கண்ணே” என்றான். அதற்குள் இன்னொரு முறை, இந்த முறை தரையில், கொஞ்சம் என் சட்டையில். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

“நான் இறங்கலண்ணே. பந்து ரெண்டு ரெண்டாத் தெரியுது. கோச்சுகிட்ட நீங்க சொல்லுங்க. நான் சொன்னா திட்டுவாரு.”

எட்டு வயதிலிருந்து ஆடுகிறவன். பல் உடைந்தபோதுகூட ஆடினவன். என்னை மாற்றிவிடுங்கள் என்று அவன் கேட்டதை யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு முதல்முறையாகக் கேட்டான், என்னிடம் கேட்டான். நான்கு மாதமாக அந்தத் தலைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்த ஒரே ஆளிடம்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். எழுதுங்கள், இதற்காகத்தான் வந்தேன்.

கோப்பைக்காக அவனை அனுப்பினேன் என்று எல்லோரும் நினைக்கப்போகிறார்கள். இல்லை. கோப்பையால் எனக்கு என்ன ஆகப்போகிறது? எனக்கு அந்த நாற்றம் தாங்கவில்லை. ஜன்னல் இல்லாத அறை. அவன் அங்கே உட்கார்ந்திருந்தால் மறுபடி எடுப்பான், நான் துடைக்க முடியாது. அவன் வெளியே போனால்தான் நான் சுத்தம் செய்ய முடியும். வேறு எதுவும் என் மனதில் ஓடவில்லை, சத்தியமாக. அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். குழாயைத் திறந்துவிட்டேன்.

“வாயைக் கொப்புளி. மூஞ்சியக் கழுவு. போ” என்றேன்.

போனான். சொன்னால் கேட்கிற பையன்.

கோச் கதவிடுக்கில் தலையை நீட்டி, “என்னப்பா, ஓகேவா?” என்றார். “ஏதோ சாப்பாடு ஒத்துக்கல. ஆடுவான்” என்றேன்.

துண்டுகளை வாளியில் போட்டேன். தரையை மூன்று முறை துடைத்தேன். நான்காவது முறை துடைத்துக்கொண்டிருந்தபோது கேலரி அதிர்ந்தது. கோல் என்று தெரிந்தது. பிறகு அந்தச் சத்தம் பாதியில் நின்றது. நான் கையைக் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வெளியே போவதற்கு ஆறு நிமிடம் ஆகியிருக்கும். மூலையிலிருந்து வந்த பந்தை எகிறித் தலையால் அடித்திருக்கிறான், வலையில் போய் விழுந்திருக்கிறது, அவனும் விழுந்திருக்கிறான். முதலில் மற்ற பையன்கள் கோல் அடித்த சந்தோஷத்தில் அவன்மேல் ஏறிப் படுத்துக் குதித்திருக்கிறார்கள். நான் போனபோது விலகி நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் அழுதுகொண்டே தரையில் துப்பினான். ஸ்ட்ரெச்சரை என் அறையைத் தாண்டித்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. அறை சுத்தமாக இருந்தது.

ஒரே ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா ஸ்பூனால் ஏதோ ஊட்டிக்கொண்டிருந்தாள், பாதி தாடை வழியாக வழிந்தது. அவள் சலிக்காமல் வழித்து வழித்து மறுபடி வாயிலேயே வைத்தாள். “டாக்டர் வந்திருக்காங்க, பாருடா” என்றாள். அவன் என்னைப் பார்த்தானா, எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தானா, தெரியவில்லை. உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. அவளிடமாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் அவள் என் கையைப் பிடித்திருப்பாள், அல்லது அடித்திருப்பாள். இரண்டில் எது நடந்தாலும் அவள் கை என்மேல் பட்டிருக்கும்.

அவ்வளவுதான். ஐந்து என்று எழுதியது நான். அக்காவிடம் காட்டி நம்பவைத்தது நான். இறங்க மாட்டேன் என்றவனை இறக்கியதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? உங்கள் பேனா வேண்டாம், என்னிடம் இருக்கிறது.

ஆனால் ஒரு கெட்ட எண்ணத்தோடு நான் எதையும் செய்யவில்லை என்பதையும் கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? திங்கட்கிழமை புது அணிக்கு ஆரம்பச் சோதனை. அதற்குள் என்னை அனுப்பிவிட முடிந்தால் நல்லது. நான் இல்லையென்றால் அத்தனை பேரும் விவரம் தெரியாமல் உள்ளதை உள்ளபடி சொல்லித் தொலைப்பார்கள்.